கலவை நோட்டு: மாட்டுங்காவில் ஒரு காப்பிப் பொடிக் கடைக்காரர்

நம் சங்க இதழில் மகான்களைப் பற்றியும், சங்கீத வித்வான்களைப் பற்றியும், பெரிய பதவிகளை வகித்த நம்மவர்களைப் பற்றியும் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. படிக்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மவர் சரித்திரம் என்றாலே வக்கீல், நீதிபதி, ஐ.சி.எஸ்., பேராசிரியர், அதற்கு அடுத்தபடியாக ஏ.ஜி. ஆபீஸ், ரயில்வே, பாங்க் என்றுதான் வரிசை போகிறது. சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014-ல் வெளியிட்ட தமிழ்ப் பிராமணர்களைப் பற்றிய ஆராய்ச்சி நூல்கூட, கிராமத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் நகரத்தில் படித்துச் சம்பளம் வாங்கும் நடுத்தர வர்க்கமாக மாறிய கதையைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு மூலைதான் கிடைக்கிறது.

அப்படி மூலையில் நின்ற ஒருவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் என் அத்தையின் கணவர், எனக்கு அத்திம்பேர். பம்பாய் மாட்டுங்காவில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் காப்பிப் பொடிக் கடை நடத்தினார். தன் பெயர் அச்சில் வருவதில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை. குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகைகளைத் தவிர வேறெதிலும் வந்ததும் இல்லை. ஆகவே அவர் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அவர் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. அவற்றையும், எழுபதுகளில் காலேஜ் படிக்க வந்து நாலு வருஷம் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது கண்டதையும் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

மாட்டுங்கா உருவான விதம்

பம்பாயில் 1896-ல் பிளேக் நோய் பரவியது. நெருக்கமும் அசுத்தமும்தான் காரணம் என்று கண்ட அரசாங்கம் 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. நகரத்தின் வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் நிலத்தை வாங்கி, அகலமான தெருக்களும் மரங்களும் காற்றோட்டமுள்ள கட்டடங்களுமாகப் புதுக் குடியிருப்புகளை அமைப்பது அதன் திட்டங்களில் ஒன்று. கிங்ஸ் சர்க்கிளும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் இப்படி வந்தவைதான். ஆபீஸ் வேலைக்காக வந்த தென்னிந்தியக் குடும்பங்களுக்கு இந்த வாடகை ஃபிளாட்டுகள் பிடித்துப்போயின. கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு டிராமும் ரயிலும் இருந்தன. 1932-ல் தென்னிந்தியக் கல்விக் கழகம், அதாவது எஸ்.ஐ.இ.எஸ்., தொடங்கியது. கோயில், பஜனை, மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் என்று மற்றவை பின்னால் வந்தன. 1963-ல் ஷண்முகானந்தா அரங்கம் திறக்கப்பட்டபோது மாட்டுங்கா ஒரு முழு ஊராகவே ஆகியிருந்தது.

அத்திம்பேர் பாலக்காட்டைச் சேர்ந்த நூரணி கிராமத்துக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் பம்பாய்க்கு வந்தார். பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவர். டைப்பிங் லோயரும் பாஸ் செய்திருந்தார். ஆனால் ஆபீஸ் வேலை கிடைக்கும்வரை என்று ஒரு காப்பிக்கொட்டை வியாபாரியிடம் கணக்கெழுத உட்கார்ந்தவர், அந்த வாசனையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் ஒன்றைப் பகடிக்கு எடுத்துத் தனியாகக் கடை வைத்தார்.

பகடி என்பது பம்பாய்க்கே உரிய ஏற்பாடு. 1947-ம் வருஷத்து வாடகைச் சட்டம் வாடகையை உயர்த்த முடியாமல் கட்டிப்போட்டது. அதனால் முதலில் ஒரு பெருந்தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு சொற்ப வாடகைக்கு இடத்தை விடுவார்கள். அந்தத் தொகைக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. 1999-ம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைச் சட்டம்தான் அதை ஒப்புக்கொண்டது. அத்திம்பேர் பகடிப் பணத்தில் பாதியை ஊரிலிருந்து அவர் தமையனார் அனுப்பினார். பாட்ட நெல் விற்ற காசு அது. இதைப் பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்காகக் குறித்து வைக்கிறேன்.

காப்பி நம் வீட்டுக்குள் வந்த வழி

காப்பி நமக்கு ஆதிகாலத்துப் பானம் இல்லை. பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து மைசூர்ப் பகுதி மலையில் விதைத்தார் என்பது ஐதீகம். வெள்ளைக்காரர்கள் பெரிய தோட்டங்கள் போட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். தமிழ் வீடுகளில் காப்பி சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது அந்த நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதுவரை காலையில் நீராகாரமும் பழையதும். காப்பி உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தைக் கடனாளியாக்கும் என்று அப்போதைய பத்திரிகைகளில் பெரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதி இதை ஆராய்ந்து சுவையாக எழுதியிருக்கிறார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லப்பட்ட பானம் இரண்டே தலைமுறையில் நம் அடையாளமாக ஆகிவிட்டது.

அந்த அடையாளத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. காப்பி கிளப்புகளில் ‘பிராமணாள்’ என்ற பலகையும், சாப்பிட உட்காரத் தனி இடமும் பல வருஷம் இருந்தன. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் அந்தப் பலகையை எதிர்த்துப் பெரியார் தலைமையில் கிளர்ச்சி நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்திம்பேர் கடையில் பெயர்ப்பலகையைத் தவிர வேறு பலகை இருந்ததில்லை. கல்லாவுக்கு எதிரே குஜராத்தி, மராட்டியர், கோவாக் கிறிஸ்தவர், கொச்சியிலிருந்து வந்த முஸ்லிம் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். கொள்கை என்று சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. பம்பாயில் பத்தடிக் கடையில் இரண்டு வரிசைக்கு இடம் கிடையாது என்பார். இடமில்லாததும் ஒரு நல்ல ஆசான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடையும் தொழிலும்

காலை நாலரைக்குக் கடை திறக்கும். வியாபாரத்துக்கு அல்ல, வறுப்பதற்கு. மேல்மாடிக் குடித்தனக்காரர்கள் புகையைப் பற்றிப் புகார் சொல்வார்கள் என்பதால் அவர்கள் எழுந்து ஜன்னலைத் திறப்பதற்குள் வறுவல் முடிந்துவிட வேண்டும். இரும்பு டிரம், கீழே கரி அடுப்பு, பிற்பாடு காஸ். டிரம் சுற்றச் சுற்றப் பச்சைக்கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, சோளம் பொரிவதைப் போலச் சடசடவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எத்தனை நேரம் விடுவது என்பதில்தான் தொழில் இருக்கிறது. ஒரு நிமிஷம் முன்னால் எடுத்தால் புளிக்கும், ஒரு நிமிஷம் தாண்டினால் கரியும். கடிகாரத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. காதும் மூக்கும்தான்.

ஒரு கிலோ பச்சைக்கொட்டையை வறுத்தால் எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் மிஞ்சும். ஈரம் போய்விடும். காப்பிக் கடைக்காரரின் முதல் நஷ்டம் இது. இரண்டாவது, வறுத்த கொட்டை நாளுக்கு நாள் வாசனை இழப்பது. மூன்றாவது, அரைத்த பொடி அதைவிட வேகமாக இழப்பது. ஆகவே அவர் மொத்தமாக வாங்க வருபவர்களைத் தடுப்பார். “மாமி, ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம். அடுத்த வாரம் கடை இங்கேயேதான் இருக்கும்” என்பார். வியாபாரம் செய்பவர் பேசுகிற பேச்சா இது என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த மாமிகள் அடுத்த வாரமும் வந்தார்கள், முப்பது வருஷம் வந்தார்கள்.

கொட்டையில் வகைகள் உண்டு. பழத்தைக் கழுவித் தோல் நீக்கிப் பக்குவப்படுத்திய அராபிகா, பிளான்டேஷன். பழத்தோடு காயவைத்தது செர்ரி. ரொபஸ்டா என்பது வேறு செடி. வாசனை மட்டு, கசப்பும் கனமும் அதிகம். சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டைகள், ஒருபக்கம் தட்டையாக இருக்கும். சிலவற்றில் ஒன்றே ஒன்று உருண்டு திரண்டு வளரும். அதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும். இதோடு சிக்கரி. அது காப்பியே இல்லை, ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும். விலையோ காப்பியில் ஒரு பங்கு.

பம்பாய்ப் பால் எருமைப்பால், கொழுப்பு அதிகம். 1949-ல் ஏற்பட்ட ஆரே பால் பண்ணையின் பூத்துகளில் விடியற்காலையில் கார்டைக் காட்டி பாட்டில் வாங்கியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஊரில் பசும்பாலில் குடித்த கலவையை இங்கே எருமைப்பாலில் கலந்தால் காப்பி தலைகாட்டாது. புதிதாக வந்த குடும்பத்திடம் அத்திம்பேர் முதலில் கேட்பது “என்ன பால் வாங்கறேள்?” என்பதைத்தான். அதற்குப் பிறகுதான் எந்த ஊர், எத்தனை பேர் என்பதெல்லாம்.

காப்பி போர்டின் காலம்

இன்று யார் வேண்டுமானாலும் தோட்டக்காரரிடம் நேரே காப்பிக்கொட்டை வாங்கலாம். அத்திம்பேர் தொழில் செய்த காலத்தில் பெரும்பகுதி அப்படி இல்லை. யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது தோட்டங்களைக் காப்பாற்ற 1940-ல் ஓர் அவசரச் சட்டமும், பிறகு 1942-ல் காப்பிச் சட்டமும் வந்தன. விளைந்ததை எல்லாம் காப்பி போர்டின் பொதுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். போர்டு அதை ஏலம் போட்டு விற்கும். தோட்டக்காரர்களுக்குப் பணம் தவணை தவணையாகப் போகும். ஏலத்தில் எடுத்த மொத்த வியாபாரிகளிடமிருந்து இவரைப்போன்ற சில்லறைக் கடைக்காரர்கள் வாங்குவார்கள். யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. ஏற்பாடு மட்டும் அரை நூற்றாண்டு நிலைத்தது. 1992-ல் தளர்த்தத் தொடங்கி 1996-ல்தான் முழுக்க விலக்கினார்கள்.

கடைக்காரருக்கு இதில் ஒரு சௌகரியமும் ஒரு அசௌகரியமும் இருந்தன. விலை கண்டபடி ஆடாது என்பது சௌகரியம். வேண்டிய ரகம் வேண்டியபோது கிடைக்காது என்பது அசௌகரியம். பீபரி வராத மாதங்களில் நோட்டில் ‘பீ இல்லை, பிளா ஏ கொடுத்தது’ என்று குறித்திருக்கிறது. மாற்றிக் கொடுத்ததை மறைக்கவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கலவை நோட்டு சொல்லும் சரித்திரம்

அந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. வீட்டு அடையாளம், பிறகு கலவை: ‘பிளா முக்கால், ரொப கால், சிக் இல்லை’, ‘பீ அரை, பிளா அரை, சிக் நூற்றுக்கு இருபது’ என்று. மருமகள் வந்து கலவை மாறினால் பழையதை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதியது. பெரியவர் போய்விட்டால் அளவு குறையும். யாருடைய வீட்டிலும் கேட்காமலே அந்த வீட்டுச் செய்தி நோட்டில் ஏறிவிடும்.

வரிசையாகப் புரட்டினால் நம்மவர் நகர்ந்த தடம் தெரிகிறது. முதல் மூன்று நோட்டுகளில் மாட்டுங்கா, வடாலா, சயான் மட்டும். நாலாவதிலிருந்து செம்பூர். பிறகு முலுண்ட், டோம்பிவிலி. மாட்டுங்காவில் வாடகை வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொந்த வீடு வாங்க அங்கேதான் முடிந்தது. இடையிடையே பார்சல் கணக்கு: ஜாம்ஷெட்பூர், பிலாய், தில்லி கரோல்பாக். எஃகு ஆலைக்கும் மத்திய சர்க்காருக்கும் மாற்றலாகிப் போனவர்கள் காப்பிப் பொடியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. எட்டாவது நோட்டிலிருந்து ஓரத்தில் ‘யூ.எஸ். எடுத்துப்போக, இரட்டைக் கவர்’ என்று வருகிறது. பத்தாவதில் பல வரிகளில் அளவு நூறு கிராமாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

இன்னொன்றும் எனக்குப் பின்னால்தான் புலப்பட்டது. மூன்றாவது நோட்டின் நடுவிலிருந்து கையெழுத்து மாறுகிறது. அது என் அத்தையின் கையெழுத்து. பகலில் சமையல் முடித்து இரண்டு மணிக்குக் கடைக்கு வருவாள்; அத்திம்பேர் சாப்பிட்டுக் கண்ணயரும் இரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருவாள்; ராத்திரி கணக்கையும் அவளே முடிப்பாள். வருமான வரிக் கணக்கிலோ கடை லைசென்ஸிலோ அவள் பெயர் கிடையாது. கடைக்காரர் என்று நாம் சொல்வது பல இடங்களில் உண்மையில் இரண்டு பேர்.

இரண்டு சோதனைகள்

அறுபதுகளின் இறுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிரான கோபம் கிளம்பியது. எங்கள் பையன்களின் வேலையை மதராஸிகள் பறிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஹோட்டல்களிலும் கடைகளிலும் கல் விழுந்தது. அத்திம்பேர் கடைப் பலகையும் ஒரு நாள் உடைந்தது. அப்போது கடையில் டிரம் சுற்றியவர் ரத்னகிரி ஜில்லாவிலிருந்து பதினாறு வயதில் வந்து சேர்ந்த மராட்டியர். எங்களுக்கெல்லாம் அவர் தாதா. தாதா மூன்று ராத்திரி கடை வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்தார் என்று அத்தை சொல்வாள். மறுவாரம் புதுப் பலகை வந்தது. அதில் பெயரை முதலில் மராத்தியிலும், கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதச் சொன்னார் அத்திம்பேர். பயந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். “இந்த ஊர் ஜலத்திலதான் டிகாக்ஷன் இறங்கறது. அதோட பாஷையை மேல எழுதினா என்ன குறைச்சல்?” என்றாராம்.

இரண்டாவது சோதனையை நானே பார்த்தேன். 1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. அடுத்த இரண்டு வருஷத்தில் உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறி, 1977-ல் நியூயார்க்கில் பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டியது. மாட்டுங்காவிலும் கொட்டை விலை ஏறியது. ஏறின விலையைச் சொன்னால் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கரையும் காப்பிப் பொடி டப்பாக்கள் வேறு கடைகளில் அடுக்கியிருந்தன.

ஒரு சுலபமான வழி இருந்தது. விதிப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது. எவ்வளவு என்பதைக் கவரில் போட வேண்டும். நூற்றுக்கு இருபது சிக்கரி போடுபவர் நாற்பதாக்கிவிட்டுச் சின்ன எழுத்தில் அச்சடித்தால் சட்டத்தை மீறியதாகாது, விலையையும் ஏற்ற வேண்டாம். அப்படித் தயாரான பொடியைக் கொண்டுவந்து கொடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். அத்தையே ஒரு ராத்திரி கேட்டாள்: “ஏன்னா, எல்லாரும் பண்றாளே, கொஞ்ச நாளைக்குத்தானே?” அந்த வருஷம் மூத்த பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அத்திம்பேர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சிலேட்டை வாசலில் தொங்கவிட்டார். அன்றைய கொட்டை விலை, வறுத்தால் குறையும் எடை, அரவைக் கூலி, தன் லாபம் என்று நாலு வரி. கீழே, ‘விலை அதிகம் என்று தோன்றினால் குறைவாக வாங்கவும். கலவை மாறாது’ என்று. ஐம்பது கிராம் பொட்டலம் போடத் தொடங்கியது அப்போதுதான். பலர் குறைவாக வாங்கினார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள்; அவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அத்தையின் இரட்டை வடச் சங்கிலி பாங்கிற்குப் போய் இரண்டு வருஷம் கழித்து வந்தது. பெண்ணின் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. நேர்மைக்கு உடனே பலன் கிடைத்தது என்று நான் எழுதினால் அது பொய். கடை பிழைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிலேட்டை அவர் பிறகு எடுக்கவே இல்லை. விலை இறங்கின நாட்களிலும் இறங்கின விலையை எழுதினார்.

குடும்பஸ்தர்

அத்தையை அவருக்குக் கொடுக்க என் தாத்தா மிகவும் யோசித்தாராம். பள்ளிக்கூட வாத்தியாரான அவருக்கு மாப்பிள்ளை சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் போதும். கடை என்றால் இன்றிருக்கும், நாளை போகும், பென்ஷன் கிடையாது. கடைசியில் வரதட்சிணை கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்தார். முப்பது வருஷம் கழித்து அத்திம்பேரின் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதும் அதே கேள்வி வந்தது. ‘ஸொந்த பிசினஸ்’ என்று ஜாதகத்தோடு எழுதிக் கொடுத்தால் என்ன பிசினஸ் என்பார்கள். காப்பிப் பொடி என்றால் பதில் வராது. காலையில் அதே கடையின் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் அப்படி இருந்தார்கள் என்பதை அவர் ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. அத்தை காட்டியிருக்கிறாள்.

1970 ஜனவரி முதல் தேதி கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. உழுதவர்களுக்கு நிலம் சேர்ந்தது. காலத்தில் நடக்க வேண்டியதுதான். ஆனால் பாட்ட நெல்லை மட்டும் நம்பியிருந்த பாலக்காட்டுக் கிராமத்துக் குடும்பங்கள் பல ஒரே வருஷத்தில் வெறுங்கையாயின. பகடிக்குப் பணம் அனுப்பிய தமையனாரின் வீடும் அதில் ஒன்று. அந்த மாதத்திலிருந்து நூரணிக்கு மணியார்டர் போகத் தொடங்கியது. தமையனார் பிள்ளைகள் இருவர் மாட்டுங்கா வீட்டுக்கே வந்து படித்தார்கள். நானும் சேர்ந்தபோது ஒன்றரை அறையில் ஒன்பது பேர். மணியார்டர் ரசீதுகளைக் கட்டி வைத்திருந்தார். தமையனார் காலமாகும்வரை ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

குறைகளும் உண்டு. கோபம் அதிகம். ஐம்பது வருஷத்தில் கடையைப் பூட்டி ஒரு நாள் குடும்பத்தோடு வெளியூர் போனதில்லை. அத்தை காசி யாத்திரை போனது அவர் போன பிறகு, பெண்ணோடு. பிள்ளைகள் பள்ளி நாடகத்தில் வேஷம் போட்டதை அவர் பார்த்ததில்லை. அவர் மூத்த பிள்ளை ஒருமுறை என்னிடம், “அப்பா நமக்காக உழைச்சார்னு எல்லாரும் சொல்றா. நெஜம்தான். ஆனா அப்பாவைப் பாக்கணும்னா கடைக்குத்தான் போகணும்” என்றான். இதையும் எழுதினால்தான் சரித்திரம் முழுமையாகும்.

கடை கைமாறியது

பிள்ளைகள் இருவரும் இன்ஜினீயர்கள், ஒருவன் அமெரிக்காவில், ஒருவன் பெங்களூரில். கடையை எடுத்துக்கொள்ளும்படி அவர் கேட்கவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அவர் உழைத்ததே அவர்கள் கடைக்கு வர வேண்டியிராத நிலைமையை உண்டாக்கத்தான். பல சிறு வியாபாரிகளின் கதை இப்படித்தான் முடிகிறது. வெற்றி என்பதே கடையை மூடுவதில் கொண்டுபோய் விடுகிறது.

2000-க்குப் பிறகு கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது அத்திம்பேருக்கு எழுபத்தைந்து தாண்டியிருந்தது. இடத்துக்குக் கிடைத்த தொகையில் ஒரு பங்கையும், டிரம், அரவை மிஷின், தராசு எல்லாவற்றையும் தாதாவுக்குக் கொடுத்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த டிரம்மைச் சுற்றியவர் தாதா. பாலக்காட்டுத் தமிழில் மாமிகளோடு சரிக்குச் சரி பேசுவார். பிள்ளைகளில் ஒருவன் “எழுதி வாங்கிக்க வேண்டாமா அப்பா?” என்று கேட்டான். “அவன் பேர்ல நான் என்ன எழுதிக் குடுக்கணும்னுதான் யோசிச்சிண்டிருக்கேன்” என்றார். அதற்கு அடுத்த வருஷம் காலமானார். பதினொன்றாவது நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.

தாதா டோம்பிவிலியில் கடை போட்டார். இப்போது அவர் மகன் நடத்துகிறான். வாடிக்கைக்காரர்களில் பாதிக்கு மேல் மராட்டியர்கள். 2024 டிசம்பரில் அராபிகா விலை 1977-ன் உச்சத்தையும் தாண்டியபோது அவனுக்குப் போன் செய்து விசாரித்தேன். “கஷ்டம்தான் மாமா. சின்னப் பாக்கெட் போட்டிருக்கேன். சிலேட்டு எழுதியிருக்கேன்” என்றான். தமிழில்தான் சொன்னான்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் அப்பளக் கடை, தில்லியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், நாக்பூரிலோ புனேயிலோ ஒரு மெஸ் என்று உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருந்திருப்பார். அவர் கணக்கு நோட்டும் ரசீதுக் கட்டும் பரணில் எங்காவது கிடக்கும். வீடு மாற்றும்போது முதலில் எடைக்குப் போவது அதுதான். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். கையெழுத்து யாருடையது என்பதையும் கவனியுங்கள். அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால், நம்மவர் எப்படிப் பிழைத்தார்கள் என்பது பதவிப் பட்டியலோடு நின்றுவிடாது.